தக்காளி கொஞ்சம் குறைந்தால் விலை ஏன் இவ்வளவு ஏறுகிறது?

தக்காளி விலை ஏறிய நாளில் கோயம்பேட்டு வியாபாரியிடம் காரணம் கேட்டால் இரண்டே சொல்லில் பதில் வரும்: "வரத்து கம்மி." பதில் சரிதான். ஆனால் கணக்குப் பார்க்கிறவருக்கு அதில் ஏதோ இடிக்கும். வழக்கமாக வரும் லாரிகளில் கால்வாசிதான் குறைந்திருக்கும். விலையோ இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆகியிருக்கும். சரக்குக் குறைந்த அளவுக்கும் விலை ஏறிய அளவுக்கும் சம்பந்தமே இல்லையே, நடுவில் யாரோ அடிக்கிறார்கள் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும்.

சில சமயம் யாரோ அடிக்கவும் செய்கிறார்கள். ஆனால் எல்லாரும் யோக்கியமாக வியாபாரம் செய்தாலும் தக்காளி விலை இப்படித்தான் துள்ளும். ஏன் என்பதை விளக்க பொருளாதாரத்தில் ஒரு கருத்து இருக்கிறது. அதன் பெயர் நெகிழ்ச்சி. பிளஸ் ஒன், பிளஸ் டூவில் பொருளியல் படித்தவர்கள் கோடு போட்டு, வாய்பாடு எழுதி, பரீட்சை முடிந்ததும் மறந்துவிட்ட பாடம். என்னைக் கேட்டால், பொருளாதாரத்தில் ஒரே ஒரு கருத்தைத்தான் கற்றுக்கொள்ள நேரம் இருக்கிறது என்பவர் இதைக் கற்றுக்கொள்ளலாம். காய்கறிக் கடையில் தொடங்கி பெட்ரோல் வரி, டாஸ்மாக், வீட்டுக் கடன் வட்டி வரைக்கும் இது வந்து நிற்கும்.

வாங்குகிறவர் எவ்வளவு வளைவார்?

ஒரு பொருளின் விலை ஏறும்போது மக்கள் அதை வாங்குவதை எவ்வளவு குறைத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் தேவை நெகிழ்ச்சி. விலை 10% ஏறியதும் வாங்குவது 20% குறைந்தால் அந்தப் பொருளுக்கான தேவை நன்றாக நெகிழ்கிறது என்று பொருள். 10% ஏறியும் 2% மட்டுமே குறைந்தால் நெகிழவில்லை.

தக்காளி எந்த வகை என்று சமையலறையில் பார்த்தாலே தெரியும். கிலோ 30 ரூபாய் விற்கும்போது சாம்பாருக்கு மூன்று, ரசத்துக்கு இரண்டு, இரவு தோசைக்குத் தக்காளிச் சட்னி. விலை 60 ஆனால் சட்னி தேங்காய்க்கோ புதினாவுக்கோ மாறும். ஓட்டலிலும் முதலில் காணாமல் போவது சிவப்புச் சட்னிதான். 100 ஆனால் ரசத்தில் ஒன்று குறையும், புளி கொஞ்சம் கூடும். ஆனால் 120 ஆனாலும் வீட்டில் தக்காளி அடியோடு நின்றுவிடாது. அரை கிலோ வாங்கியவர் கால் கிலோ வாங்குவார், கால் கிலோ வாங்கியவர் நாலு பழம் பொறுக்குவார். பிரியாணி மாஸ்டரால் அதுவும் முடியாது. விலை நாலு மடங்கு ஏறியும் நாம் வாங்குவது பாதியாகத்தான் குறைந்திருக்கிறது.

இதை அப்படியே திருப்பிப் போட்டால் முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். சந்தைக்கு வரத்துக் குறைந்துவிட்டது. இருக்கிற சரக்கு போதும் என்ற நிலை வர வேண்டுமானால் யாராவது சிலர் வாங்காமல் ஒதுங்க வேண்டும். அப்படி அவர்களை ஒதுக்குவது விலைதான். வாங்குகிறவர்கள் சுலபமாக ஒதுங்குகிற ஆட்கள் என்றால் விலை சிறிது ஏறினாலே போதும். ஒதுங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறவர்கள் என்றால், போதுமான பேர் விலகும்வரை விலை ஏறிக்கொண்டே போக வேண்டியிருக்கும். கணக்காகச் சொன்னால், விலை 10% ஏறும்போது தேவை 2.5% மட்டுமே குறைகிற பொருள் ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். அதன் வரத்து 10% குறைந்தால் விலை 40% ஏறினால்தான் கணக்கு நேராகும். வரத்து இன்னும் குறைந்தால் ஏற்றம் அதே வேகத்தில் நிற்காது, கூடும்.

இது 300 வருடத்துக்கு முன்பே கவனிக்கப்பட்ட விஷயம். 1699இல் இங்கிலாந்தில் சார்லஸ் டேவனன்ட் என்பவர் தானிய விளைச்சலையும் விலையையும் சேர்த்து ஒரு கணக்கு வெளியிட்டார். அது அவருடைய சமகாலத்தவரான கிரிகரி கிங் போட்ட கணக்கு என்று பலர் சொல்வார்கள். விளைச்சல் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் விலை பத்தில் மூன்று பங்கு ஏறும். இரண்டு பங்கு குறைந்தால் எட்டு பங்கு. மூன்று குறைந்தால் பதினாறு. நாலு குறைந்தால் இருபத்தெட்டு. பாதி விளைச்சல் போனால் விலை ஐந்தரை மடங்கு. இன்றைய தக்காளிக்கு இதே எண்கள் பொருந்த வேண்டியதில்லை. ஆனால் விலை ஏறும் போக்கைப் பாருங்கள்: கோயம்பேட்டில் நடப்பது இதுதான். நெகிழ்ச்சி என்ற பெயரும் அதை அளக்கும் முறையும் 1890இல் ஆல்ஃபிரட் மார்ஷல் வெளியிட்ட நூலின் வழியாகத்தான் பரவலாயின.

விளைவிக்கிறவரும் உடனே வளைய முடியாது

தேவைக்கு நெகிழ்ச்சி இருப்பதுபோல அளிப்புக்கும் உண்டு. விலை ஏறினால் எவ்வளவு கூடுதல் சரக்கு சந்தைக்கு வரும் என்பது அது. பிளாஸ்டிக் குடத்துக்கு விலை ஏறினால் ஆலையில் இரவு ஷிஃப்ட் ஓட்டலாம். தக்காளிக்கு அந்த வசதி கிடையாது. நாற்று விட்டு வளர்க்க மூன்று நான்கு வாரம், நட்டபின் முதல் பறிப்புக்கு இரண்டு மாதத்துக்கு மேல். இன்று விலையைப் பார்த்து ஆசைப்பட்டு நாற்று விடுகிற பாலக்கோட்டு விவசாயியின் பழம் மூன்று மாதம் கழித்துத்தான் சென்னைக்கு வரும். அதுவரை அளிப்பு அசையாது.

பழுத்த தக்காளியைக் குடோனில் போட்டு வைக்கவும் முடியாது. சரியான குளிரில் வைத்தாலும் ஓரிரு வாரத்துக்கு மேல் தாங்குவது கடினம். அரிசியோ பருப்போ அப்படியில்லை. போன வருடச் சரக்கு இந்த வருடத்துக்கு முட்டுக் கொடுக்கும். ஆக, வாங்குகிறவரும் நெகிழவில்லை, விளைவிக்கிறவராலும் நெகிழ முடியவில்லை. இரண்டு பக்கமும் இப்படி விறைத்து நிற்கும்போது அழுத்தம் முழுவதும் விலையின் மேல்தான் இறங்கும்.

2023 இதற்குப் பாடப்புத்தக உதாரணம். அந்த ஆண்டுக் கோடையில் தக்காளி விலை படுத்துக் கிடந்தது. பறிப்புக் கூலிகூடத் தேறாத இடங்களில் விவசாயிகள் வயலை அப்படியே விட்டார்கள், அடுத்த நடவையும் குறைத்தார்கள். மிச்சம் இருந்ததை நோயும் மழையும் பார்த்துக்கொண்டன. ஜூலையில் சில்லறை விலை 100ஐத் தாண்டி, பல ஊர்களில் 150, 200 என்று போனது. வட இந்தியாவில் மெக்டொனால்ட்ஸ் கடைகள் பர்கரில் தக்காளியை நிறுத்தின. ஆகஸ்டில் நேபாளத்திலிருந்து இறக்குமதி செய்யும் அளவுக்கு நிலைமை போனது. விலை ஏறத் தொடங்கியதைப் பார்த்து நட்டவர்களின் சரக்கெல்லாம் ஒன்றாகச் சந்தைக்கு வர, செப்டம்பரில் ஆந்திரத்தில் விவசாயிகள் தக்காளியைச் சாலையில் கொட்டினார்கள். வயலை அப்படியே விட்டதிலிருந்து சாலையில் கொட்டியது வரை ஆறு மாதம்கூட ஆகவில்லை.

நேற்றைய விலையைப் பார்த்து நாளைய பயிரை முடிவு செய்வதால் வரும் இந்தச் சுழலுக்கு 1934இல் நிக்கோலஸ் கால்டோர் சிலந்திவலை என்று பெயர் வைத்தார். வரைபடமாகப் போட்டால் கோடு சுற்றிச் சுற்றி வந்து வலை மாதிரியே இருக்கும்.

நல்ல விளைச்சல் என்ற கெட்ட செய்தி

செய்தித்தாளில் "அமோக விளைச்சல், விவசாயிகள் வேதனை" என்று தலைப்பு வரும்போது நகரத்தில் இருப்பவர்களுக்குப் புரிவதில்லை. நன்றாக விளைந்தால் மகிழ்ச்சிதானே? நெகிழ்ச்சியைப் புரிந்துகொண்டவருக்கு இந்தத் தலைப்பு புதிராக இராது.

கணக்குக்காகச் சில எண்களை நானே வைத்துக்கொள்கிறேன். ஒரு வட்டாரத்திலிருந்து தினமும் 1,000 பெட்டி தக்காளி மண்டிக்குப் போகிறது. பெட்டிக்கு 15 கிலோ, விலை 300 ரூபாய். மொத்தம் 3 லட்சம். பறிப்புக் கூலி, ஏற்றுக்கூலி, வண்டி வாடகை, மண்டி கமிஷன் எல்லாம் சேர்த்துப் பெட்டிக்கு 100 ரூபாய் செலவு என்றால் ஊருக்கு மிஞ்சுவது 2 லட்சம். நாற்றுக்கும் உரத்துக்கும் மருந்துக்கும் கம்பு நட்டுக் கட்டியதற்கும் ஆன செலவை இதிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

அடுத்த வருடம் மழை சரியாகப் பெய்து 1,200 பெட்டி. வாங்குகிறவர்கள் நெகிழாதவர்கள் என்பதால் கூடுதல் 200 பெட்டியைத் தள்ளிவிட விலை 150க்கு இறங்க வேண்டியிருக்கிறது. மலிவாகக் கிடைக்கிறதே என்று நாமும் தினமும் மூன்று வேளையும் தக்காளியா சாப்பிடப்போகிறோம்? மொத்தம் 1,80,000. செலவு பெட்டிக்கு அதே 100. மிஞ்சுவது 60,000. விளைச்சல் ஐந்தில் ஒரு பங்கு கூடியது, கையில் நின்ற பணம் பத்தில் மூன்று பங்காகச் சுருங்கியது. விலை 150க்குப் பதில் 90 ஆகியிருந்தால் பறிப்பதே நஷ்டம். அப்போது மாட்டை விட்டு மேய்ப்பதும் உழுது மடக்குவதும் கோபத்தில் செய்கிற காரியம் மட்டுமில்லை. செலவைப் பார்த்தால் அதுதான் குறைந்த நஷ்டம்.

டேவனன்ட் கணக்கையும் இப்படிப் பெருக்கிப் பார்க்கலாம். விளைச்சல் 100லிருந்து 90 ஆனால் மொத்த வரவு 117. 80 ஆனால் 144. 50 ஆனால் 275. விளைய விளைய ஏழையாவதும் குறையக் குறையப் பணம் சேர்வதும் நெகிழ்ச்சியற்ற பொருளை விளைவிக்கிறவர்களின் தலையெழுத்து. ஆனால் பணம் சேர்வது விளைச்சல் தப்பிப் பிழைத்தவருக்குத்தான். நோயில் வயல் முழுக்கப் போனவருக்கு 200 ரூபாய் விலையால் ஒரு பயனும் இல்லை.

"அப்படியானால் எல்லாரும் குறைவாக நடலாமே?" என்று கேட்கலாம். எல்லாரும் சேர்ந்து குறைத்தால் விலை நிற்கும். தனியாக ஒருவர் குறைத்தால் மண்டி விலையில் ஒரு ரூபாய்கூட மாறாது, அவருடைய வரவு மட்டும் குறையும். அதனால் ஒவ்வொருவரும் தனக்குச் சரியானதைச் செய்ய, எல்லாரும் சேர்ந்து நஷ்டப்படுகிறார்கள். விவசாயிக்கு விவரம் போதவில்லை என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தைக் கவனிப்பதில்லை.

தரகர் மட்டுமா?

இடைத்தரகரை ஒழித்தால் எல்லாம் சரியாகும் என்பது மேடையில் கைதட்டல் வாங்கும் வாசகம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ரிசர்வ் வங்கி ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, நாம் தக்காளிக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயிலும் விவசாயிக்குப் போய்ச் சேர்வது மூன்றில் ஒரு பங்குதான். வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் கொஞ்சம் கூடுதல். மதுரையில் 1999 நவம்பரில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டதன் நோக்கமே இந்தப் பங்கைக் கூட்டுவது. நேரடியாக விற்கிறவர்களுக்கு அது பயன்படவும் செய்கிறது.

ஆனால் தரகர் 2023 மே மாதத்திலும் இருந்தார், ஜூலையிலும் இருந்தார், செப்டம்பரிலும் இருந்தார். அவர் பங்கு ஏன் பெரிது என்பது ஒரு கேள்வி. விலை ஏன் ஆடுகிறது என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் ஒரே மருந்து கொடுத்தால் இரண்டாவது நோய் அப்படியே இருக்கும். உழவர் சந்தையிலும் தக்காளி விலை ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

அரசு என்ன செய்யலாம், என்ன செய்கிறது

2023 ஜூலையில் தமிழக அரசு சென்னையில் ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது. முதலில் 82 கடைகள், பிறகு மாநிலம் முழுவதும் கூடுதலான கடைகள். வெளியில் 100க்கு மேல் விற்கும்போது 60க்குக் கிடைப்பது வரிசையில் நின்றவருக்குப் பெரிய உதவி. ஏழை வீட்டில் சாப்பாட்டுச் செலவின் எடை அதிகம். 2022-23 குடும்பச் செலவு ஆய்வில் நாட்டின் கிராமப்புறக் குடும்பங்களின் செலவில் சுமார் 46% உணவுக்கே போனது, நகரத்தில் 39%. ஆனால் ரேஷன் கடைத் தக்காளியும் அதே வயல்களிலிருந்துதான் வந்தது. நாட்டில் இருந்த தக்காளியின் எண்ணிக்கை கூடவில்லை. வித்தியாசத்தை அரசுப் பணம் ஈடுகட்டியது, அவ்வளவுதான். நெருக்கடியில் அப்படிச் செய்வது சரி என்றே நினைக்கிறேன். அதனால் விலை குறைந்துவிட்டது என்று சொல்லிக்கொள்வதைத்தான் ஏற்க முடியாது.

அரிசிக்கு இந்தப் பதற்றமே வருவதில்லையே, ஏன்? அரிசி கெடாது. இந்திய உணவுக் கழகம் கொள்முதல் செய்து குடோனில் வைக்கிறது, தமிழ்நாட்டில் 2011 ஜூனிலிருந்து ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. வரத்துக் குறைந்தால் இருப்பு இறங்கும், விலை அவ்வளவாக ஏறாது. சேமிக்க முடிந்த பொருளுக்கு அளிப்பு நெகிழ்ச்சியைச் செயற்கையாக உண்டாக்க முடியும் என்று இதைச் சொல்லலாம்.

வெங்காயம் இரண்டுக்கும் நடுவில். பெரம்பலூர் பக்கம் சின்ன வெங்காயத்தைக் காற்றோட்டமான பட்டறை போட்டு மாதக்கணக்கில் வைத்திருப்பார்கள். மகாராஷ்டிரத்தில் கோடையில் எடுக்கும் பெரிய வெங்காயம் அக்டோபர், நவம்பர் வரை தாங்கும். அதனால் மத்திய அரசு இருப்புக் கட்டுகிறது. 2023இல் 5 லட்சம் டன் இலக்கு வைத்தார்கள். அதோடு நிற்காமல் வேறொரு நெம்புகோலையும் இழுத்தார்கள். அந்த ஆகஸ்டில் வெங்காய ஏற்றுமதிக்கு 40% வரி, டிசம்பரில் முழுத் தடை. தடை 2024 மே வரை நீடித்தது. மிச்ச வரியும் 2025 ஏப்ரலில்தான் முழுமையாகப் போனது.

ஏற்றுமதித் தடை உள்ளூரில் விலையை இறக்கும், சந்தேகமில்லை. வெளியே போக இருந்த சரக்கு உள்ளே தங்கும், தேவை நெகிழாத இடத்தில் கொஞ்சம் கூடுதல் சரக்கே விலையைப் பலமாக அடிக்கும். அந்த அடி நாசிக் விவசாயி மேல் விழுந்தது. இந்திய வெங்காயத்தை நம்பியிருந்த இலங்கையிலும் வங்கதேசத்திலும் விலை எகிறியது. விலை சரியும் மாதங்களில் நஷ்டம் முழுக்க விவசாயிக்கு, விலை ஏறும் மாதங்களில் கதவை மூடிவிடுவோம் என்றால் எந்த நம்பிக்கையில் அவர் பட்டறை கட்டுவார்? நகரத்து வாக்காளர் கோபம் அரசுகளை ஆட்டுவிப்பது புதிதல்ல. 1998 டெல்லி சட்டமன்றத் தேர்தலில் ஆளுங்கட்சி தோற்றதற்கு வெங்காய விலையும் ஒரு காரணம் என்று இன்றும் பேசப்படுகிறது.

என் கணிப்பில், பணம் போட வேண்டிய இடம் விலை ஏறிய மாதமல்ல, விலை சரிந்த மாதம். சரியும்போது பழக்கூழாகவும் சாஸாகவும் மாற்ற ஆலை இருந்தால் அது கூடுதல் வரத்தை உறிஞ்சும், விவசாயியும் அடுத்த நடவைக் கைவிட மாட்டார், மூன்று மாதம் கழித்து வரும் 150 ரூபாயும் வராது. மத்திய அரசு 2018-19 பட்ஜெட்டில் தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்குக்கென்று 500 கோடி ரூபாயில் அறிவித்த பசுமைத் திட்டத்தின் எண்ணமும் ஏறக்குறைய இதுதான். 2023 வந்தபோது அது போதவில்லை என்பது தெரிந்த கதை.

வரி போடுகிறவர்களுக்குப் பிடித்த பொருள்கள்

விலை ஏறினாலும் மக்கள் வாங்குவதை நிறுத்த மாட்டார்கள் என்றால் அந்தப் பொருள் நிதியமைச்சருக்கு வரம். வெள்ளைக்காரன் உப்புக்கு வரி போட்டது இதனால்தான். உப்பு விலை ஏறிற்று என்று யாரும் உப்பில்லாமல் சாப்பிடுவதில்லை, பணக்காரரும் கூலிக்காரரும் ஏறக்குறைய ஒரே அளவுதான் தின்கிறார்கள். ஆகவே வரி நிச்சயமாக வரும், ஏழைக்குத்தான் அதிகம் வலிக்கும். 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யம் நடந்தவர்கள் எதிர்த்த வரி அப்படிப்பட்டது.

இன்று அந்த இடத்தில் பெட்ரோலும் டீசலும். 2020 மே மாதம் கச்சா எண்ணெய் விலை தரைமட்டத்தில் கிடந்தபோது மத்திய அரசு கலால் வரியைப் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் ஒரேயடியாக உயர்த்தியது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு பெட்ரோல் மீதான வரியில் 3 ரூபாய் குறைத்தபோது ஆண்டுக்கு 1,160 கோடி இழப்பு என்று கணக்குச் சொன்னது. மூன்று ரூபாய்க்கு இவ்வளவா என்று மலைக்க வைத்த எண் அது. வேலைக்குப் போகிறவர் பெட்ரோல் போட்டுத்தான் ஆக வேண்டும் என்பதுதான் அந்த வருமானத்தின் அஸ்திவாரம். ஆனால் இது குறுகிய காலத்துக்குத்தான். பத்து வருடக் கணக்கில் பார்த்தால் வண்டி மாற்றலாம், மின்ஸ்கூட்டர் வாங்கலாம், வேலைக்குப் பக்கத்தில் வீடு பார்க்கலாம். கால அவகாசம் கூடக் கூட எல்லாத் தேவையும் நெகிழும்.

அவகாசமே இல்லாத நிலைமையை இலங்கை 2022இல் பார்த்தது. டாலர் இல்லை, எரிபொருள் கப்பல் இல்லை. விலையை மட்டும் ஏற்றி வரிசையைக் குறைக்க நினைத்தால் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாத நிலை. கடைசியில் ஜூலையில் கியூஆர் குறியீட்டு அட்டை கொண்டுவந்து பங்கீடு செய்தார்கள். தொடக்கத்தில் வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லிட்டர், முச்சக்கர வண்டிக்கு 5 லிட்டர், காருக்கு 20 லிட்டர். தேவை நெகிழாதபோது விலையால் பிரித்துக் கொடுத்தால் பணம் உள்ளவருக்கு எல்லாம், இல்லாதவருக்கு ஒன்றுமில்லை என்றாகிவிடும். பங்கீடு அதைத் தடுக்கிறது.

டாஸ்மாக் இன்னும் சிக்கலான வழக்கு. 2003இலிருந்து தமிழ்நாட்டில் மதுச் சில்லறை விற்பனை அரசின் கையில். 2023-24இல் அதன் வழியாக வந்த வரி வருவாய் 45,000 கோடியைத் தாண்டியது. விலையை உயர்த்தும்போது ஒரு பக்கம் குடி குறையும் என்று சொல்கிறார்கள், இன்னொரு பக்கம் வருவாய் கூடும் என்று பட்ஜெட்டில் எழுதுகிறார்கள். இரண்டும் முழுதாக நடக்காது. தேவை நன்றாக நெகிழ்ந்தால் குடி குறையும், வருவாயும் குறையும். நெகிழாவிட்டால் வருவாய் கூடும், ஆனால் குடிக்கிறவர் அதே அளவு குடிப்பார், குறைவது வீட்டுக்கு வரும் கூலி. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் இரண்டாவதைத்தான் நம்பி பட்ஜெட் போடுகிறது.

தங்கம் நேர்மாறு. நகை வாங்குவதைத் தள்ளிப்போடலாம், பழைய நகையை மாற்றலாம், வரி அதிகம் என்றால் கடத்தலும் நடக்கும். இறக்குமதி வரியை 15% வரை ஏற்றிய மத்திய அரசு 2024 ஜூலையில் அதை 6%க்கு இறக்கியபோது சொன்ன காரணங்களில் கடத்தலும் உண்டு. திருச்சி, சென்னை விமான நிலையச் சுங்கத்துறைச் செய்திகளைப் படிக்கிறவர்களுக்கு இது ஆச்சரியம் தராது.

தக்காளியும் வட்டியும்

கடைசியாக, மும்பையில் ரிசர்வ் வங்கியின் கூட்ட அறைக்கு. பணவீக்கத்தை 4% அளவில், இரண்டு புள்ளி முன்பின்னாக வைத்திருக்க வேண்டும் என்பது 2016இலிருந்து அந்த வங்கிக்குச் சட்டப்படி உள்ள பொறுப்பு. அளவுகோல் நுகர்வோர் விலைக் குறியீடு. 2012ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட குறியீட்டில் உணவு, பானங்களின் பங்கு 45.86%, அதில் காய்கறி மட்டும் 6%. ஆறுதானே என்று விடமுடியாது. 2023 ஜூலையில் காய்கறி விலை முந்தைய ஆண்டைவிட 37% கூடியபோது மொத்தப் பணவீக்கம் 7.44% ஆனது.

ரிசர்வ் வங்கியின் கையில் இருக்கும் கருவி வட்டி. வட்டியைக் கூட்டினால் வீடு, கார் வாங்குகிறவர்கள் யோசிப்பார்கள், தொழில் முதலீடு தள்ளிப்போகும், அந்தப் பொருள்களின் தேவை நெகிழும். வட்டி கூடியது என்று ரசத்தில் யாரும் தக்காளியைக் குறைப்பதில்லை. செடியும் சீக்கிரம் காய்க்காது. அதனால் உணவை விட்டுவிட்டு மற்ற விலைகளை மட்டும் இலக்காக வைக்கலாமே என்று 2023-24 பொருளாதார ஆய்வறிக்கை யோசனை சொன்னது. ரிசர்வ் வங்கியின் முன்னாள் ஆளுநர் ரகுராம் ராஜன் போன்றவர்கள் ஒப்பவில்லை. வீட்டுச் செலவில் பாதியை ஒதுக்கிவிட்டு, பணவீக்கம் கட்டுக்குள் இருக்கிறது என்றால் மக்கள் நம்ப மாட்டார்கள், கூலியும் சம்பளமும் கேட்கும்போது காய்கறி விலையைச் சேர்த்துத்தான் கேட்பார்கள் என்பது எதிர்வாதம். எனக்கு இந்தப் பக்கம்தான் வலுவாகத் தெரிகிறது.

2024 அக்டோபரில் காய்கறி விலை மறுபடியும் 42% ஏறி, பணவீக்கம் 6.21% ஆனது. பொருளாதார வளர்ச்சி மந்தமாகியிருந்தும் டிசம்பர் கூட்டத்தில் ரெப்போ வட்டி, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி, 6.5%லேயே நின்றது. சரியாக ஒரு வருடம் கழித்து, 2025 அக்டோபரில், காய்கறி விலை 27%க்கு மேல் சரிந்தது. 2023 அக்டோபரில் 100 ரூபாய்க்கு வாங்கிய காய்கறி அடுத்த வருடம் 142 ஆகி, அதற்கடுத்த வருடம் சுமார் 103க்குத் திரும்பியது என்று கணக்கு. இரண்டு வருடத்தில் நிகர ஏற்றம் மூன்று ரூபாய், நடுவில் அந்தக் குதியாட்டம். ஜிஎஸ்டி குறைப்பும் சேர்ந்துகொள்ள, மொத்தப் பணவீக்கம் 0.25%க்கு இறங்கியது, அந்தக் குறியீட்டு வரிசையில் அதுவரை இல்லாத தாழ்வு. டிசம்பரில் ரெப்போ 5.25% ஆனது. மிதக்கும் வட்டியில் வீட்டுக் கடன் வாங்கியவர்களுக்குத் தவணை இறங்கியதில் வங்கியின் தயவைவிட, மண்டியில் குறைந்த விலைக்குப் போன பெட்டிகளுக்குப் பங்கு அதிகம்.